பேஸ்பால் டீம் மேல கோபமா? அத சரியான ஆள் மேல காட்டறது எப்படி

ஆஃப்சீசன்ல மத்த டீம் எல்லாம் ஆள் எடுத்துட்டு இருக்கும்போது உங்க டீம் மட்டும் மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ இருக்க லீக்) கான்ட்ராக்ட்ல வயசான ரிலீவர் (மேட்ச் நடுவுல வந்து பந்து போடறவர்) ரெண்டு பேர கூட்டிட்டு வந்து "இருக்கற பசங்கள நம்பறோம்"னு சொல்லும், இல்லன்னா ஜூலை கடைசில ட்ரேட் டெட்லைன் (டீமுக்குள்ள ஆள் மாத்திக்க கடைசி நாள்) வந்ததும் நல்லா போட்டுட்டு இருக்க க்ளோசர (கடைசி இன்னிங்ஸ் பந்து போடறவர) வித்துட்டு மைனர் லீக்ல கீழ்ப்படியான சிங்கிள் ஏ-ல ஆடற 19 வயசு பையன வாங்கிட்டு வரும். கோபம் வரத்தான் செய்யும், வரணும். ஆறு மாசம் 162 மேட்ச் உக்காந்து பாக்கறவங்களுக்கு கேள்வி கேக்க உரிமை இருக்கு. ஆனா பெரும்பாலும் அந்தக் கோபம் தப்பான ஆள் மேல போயிடுது, ஓனர் மேல போக வேண்டியது பேட்டர் மேல போகுது, ஜிஎம் (ஆள் எடுக்கற, விக்கற ஜெனரல் மேனேஜர்) மேல போக வேண்டியது மேனேஜர் (மைதானத்துல டீம நடத்தறவர்) மேல போகுது. எங்க தப்பு நடந்துச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கறது, அதுக்கு என்னென்ன நம்பர் பாக்கணும், என்ன ரூல் தெரிஞ்சிருக்கணும்ங்கறதுக்குத்தான் இந்தப் பதிவு. எம்எல்பி, அதாவது வட அமெரிக்காவோட மேஜர் லீக் பேஸ்பால் பத்தி மட்டும்தான் பேசறேன்.

முதல்ல மூணு விஷயத்த தனித்தனியா பிரிச்சுக்கோங்க. காசு இருந்தும் ஓனர் குடுக்கல, அது ஒண்ணு. குடுத்த காச ஜிஎம் தப்பா செலவு பண்ணாரு, அது இன்னொண்ணு. ரூல் கட்டிப்போட்டதால வேற வழியே இல்ல, அது மூணாவது. நாம திட்டற ஒவ்வொரு முடிவும் இதுல ஏதோ ஒண்ணுல வரும், சிலது ரெண்டுல வரும். எதுல வருதுன்னு தெரியாம திட்டுனா டீம் ஆபீஸ்ல இருக்கவங்களுக்கு அத ஒதுக்கித் தள்றது ரொம்ப ஈஸி.

பேரோல் பாக்கறது எப்படி

"எங்க டீம் பேரோல் (ப்ளேயர்ஸோட மொத்த சம்பளம்) எவ்வளவு"ன்னு தேடுனா மூணு இடத்துல மூணு நம்பர் வரும், குழம்பாதீங்க, மூணுமே சரியாத்தான் இருக்கும். ஒண்ணு இந்த வருஷம் ஓனர் கையிலருந்து நிஜமா போற பணம். இன்னொண்ணு லக்ஷுரி டாக்ஸுக்கு (சம்பளம் ஒரு அளவ தாண்டுனா டீம் கட்டற டாக்ஸ்) எடுத்துக்கற கணக்கு, இதுல 40 பேர் ரோஸ்டர் (டீமோட ப்ளேயர் பட்டியல்) முழுக்க வரும், ஒவ்வொரு கான்ட்ராக்டோட மொத்தத் தொகைய வருஷத்தால வகுத்த சராசரி வரும், பெனிஃபிட் செலவுல டீமோட பங்கும் சேரும். மூணாவது, வரப்போற வருஷங்களுக்கு ஏற்கனவே வாக்கு குடுத்து வெச்ச பணம். ஸ்போட்ராக், ஃபேன்கிராஃப்ஸோட ரோஸ்டர்ரிசோர்ஸ், காட்ஸ் பேஸ்பால் கான்ட்ராக்ட்ஸ் இந்த வெப்சைட் எல்லாம் இலவசமா பாக்கலாம், மூணையும் ஒரு தடவ ஒப்பிட்டுப் பாத்துட்டாலே பாதி குழப்பம் போயிடும்.

இது எவ்வளவு வித்தியாசப்படும்னு தெரிய ஷோஹெய் ஓட்டானி கான்ட்ராக்ட்ட பாருங்க. 2023 டிசம்பர்ல லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீம் குடுத்தது 10 வருஷம் 700 மில்லியன் டாலர், வகுத்தா வருஷத்துக்கு 70 மில்லியன், ஆனா வருஷா வருஷம் அவர் கைக்கு வர்றது 2 மில்லியன்தான், மீதி 680 மில்லியன் 2034-லருந்து 2043 வரைக்கும் வட்டி இல்லாம குடுப்பாங்க, அதனால டாக்ஸ் கணக்குல வருஷத்துக்கு 46 மில்லியன் கிட்டத்தான் ஏறுது. ஒரே ஆளுக்கு 70, 2, 46-னு மூணு நம்பர். "டாட்ஜர்ஸ் ஏமாத்தறாங்க"ன்னு நிறைய பேர் கத்தறாங்க, ஆனா சம்பளத்த தள்ளிப்போடறத ரூல் எல்லா டீமுக்கும் அனுமதிக்குது, உங்க ஓனரும் பண்ணலாம். ஏன் பண்ணலன்னு அவர்கிட்டத்தான் கேக்கணும்.

சரி, இப்ப லக்ஷுரி டாக்ஸ். இத வெச்சுத்தான் நம்மள அதிகமா வாய மூட வெக்கறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா பாப்போம். எம்எல்பில சம்பள உச்சவரம்பு கிடையாது, ஒரு கோடு மட்டும்தான் இருக்கு, 2025-ல அது 241 மில்லியன் டாலர், 2026-க்கு 244. அத தாண்டுனா தாண்டுன தொகைக்கு மட்டும் டாக்ஸ், முதல் வருஷம் 20 சதவீதம், தொடர்ந்து ரெண்டாவது வருஷம் 30, மூணாவது வருஷத்துலருந்து 50. முழு பேரோலுக்கும் டாக்ஸ்னு நெனச்சுட்டு இருக்கவங்க நிறைய, அது தப்பு. 2025-ல ஒரு டீம் முதல் தடவையா 251 மில்லியனுக்கு போயிருந்தா 10 மில்லியன் அதிகம், டாக்ஸ் 2 மில்லியன். அந்த வருஷ குறைஞ்சபட்ச சம்பளம் 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர், அதாவது மூணு ரூக்கி (முதல் வருஷ ப்ளேயர்) சம்பளத்த விட அந்த டாக்ஸ் கம்மி. இவ்வளவுதான் விஷயம். அதனால கோட்டுக்கு 8 மில்லியன் கீழ நிக்கற டீம் "டாக்ஸ் இடிக்குது, அதான் ஸ்டார்ட்டர் (மேட்ச் ஆரம்பத்துலருந்து பந்து போடறவர்) எடுக்கல"ன்னு சொன்னா அது விரும்பி எடுத்த முடிவு, அப்படித்தான் எடுத்துக்கணும்.

நெஜமாவே வலிக்கற இடமும் இருக்கு, அத மறைக்கக் கூடாது. 20 மில்லியன் தாண்டுனா மேல கூடுதல் டாக்ஸ் ஏறும், 40 மில்லியன் தாண்டுனா ட்ராஃப்ட்ல (புதுப் பசங்கள டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்கறது) முதல் பிக் 10 இடம் கீழ போகும், 60 மில்லியன் தாண்டி அதுவும் மூணாவது வருஷமா தாண்டிட்டு இருந்தா கடைசில சேர்க்கற ஒவ்வொரு டாலருக்கும் 1 டாலர் 10 சென்ட் டாக்ஸ் கட்டணும். அந்த நிலைமைல இருக்க டீம் ரொம்பக் கொஞ்சம்தான். உங்க டீம் அங்க இருக்கா, இல்ல கோட்டுக்கு 60 மில்லியன் கீழ இருந்துட்டு டாக்ஸ் பத்தி பேசுதான்னு முதல்ல பாத்துக்கோங்க.

ஒரு வருஷம் கோட்டுக்குக் கீழ வந்துட்டா சதவீதம் திரும்ப 20-லருந்து ஆரம்பிக்கும். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2018, 2019 ரெண்டு வருஷமும் தாண்டியிருந்தாங்க. 2020 பிப்ரவரில மூக்கி பெட்ஸையும் டேவிட் ப்ரைஸையும் டாட்ஜர்ஸுக்கு குடுத்தாங்க, ப்ரைஸோட மீதி சம்பளத்துல பாதிய வேற தாங்களே கட்டறதா ஒத்துக்கிட்டாங்க, திரும்ப வந்தது அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். அந்த வருஷ ஜூலைலயே டாட்ஜர்ஸ் பெட்ஸுக்கு 12 வருஷம் 365 மில்லியன் குடுத்துட்டாங்க, அங்க போய் அவர் 2020, 2024, 2025 மூணு வேர்ல்ட் சீரிஸ் (எம்எல்பி இறுதித் தொடர்) ஜெயிச்சாரு. பெட்ஸ் ஃப்ரீ ஏஜென்ஸிக்கு (எந்த டீமோடயும் பேசிக்கற நிலை) போய்ப் பாக்கணும்னு இருந்தாருன்னு பாஸ்டன் பக்கம் ஒரு நியாயம் சொல்வாங்க, அது உண்மைதான், ஆனா வருமானத்துல முன்னணில இருக்க ஒரு டீம் 27 வயசு எம்விபிய (லீக்கோட சிறந்த ப்ளேயர் விருது வாங்குனவர) விட்டதுக்கு அது போதாதுன்னுதான் எனக்குத் தோணுது. காரணம் டாக்ஸ்னு சொன்னாலும் இது ஓனர் மேல வெக்க வேண்டிய கோபம், வெர்டுகோ மேல இல்ல, ஆனா பாவம் பாஸ்டன் ஸ்டேடியமான ஃபென்வேல அந்த மனுஷன்தான் ஒவ்வொரு தடவ அவுட் ஆகும்போதும் பெட்ஸ் பேர கேட்டுட்டு இருந்தாரு.

செலவே பண்ணாத டீம்

இங்கதான் ரொம்ப ஜாக்கிரதையா பாக்கணும், ஏன்னா செலவு பண்ண காசு கண்ணுக்குத் தெரியும், செலவு பண்ணாத காசு தெரியாது. 20 மில்லியன் வாங்கிட்டு 0.210 (மோசமான பேட்டிங் சராசரி) அடிக்கற ஆள் தினமும் டிவில வருவாரு, அந்த இடத்துல வாங்காம விட்ட ஆள் வரமாட்டாரு.

மேல கோடு இருக்க மாதிரி கீழ ஒரு கட்டாய அளவு எம்எல்பில இல்ல. ஒவ்வொரு டீமும் உள்ளூர் வருமானத்துல 48 சதவீதத்த பொதுக்கணக்குல போட்டு 30 டீமுக்கும் சமமா பிரிச்சுக்கறாங்க, நியூயார்க் மாதிரி பெரிய ஊர் டீமுக்கு அது நஷ்டம், பிட்ஸ்பர்க் மாதிரி சின்ன ஊர் டீமுக்கு லாபம். அப்படி வாங்கற காச மைதானத்துல டீம் நல்லா ஆடறதுக்குத்தான் செலவு பண்ணணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. 2018-ல ப்ளேயர்ஸ் யூனியன் பைரட்ஸ், ரேஸ், மார்லின்ஸ், ஏஸ் இந்த நாலு டீமும் அப்படி செலவு பண்ணலன்னு முறைப்படி புகாரே குடுத்துச்சு. உங்க டீம் இந்தப் பணம் வாங்கற லிஸ்ட்ல இருந்தா "சின்ன மார்க்கெட், எங்களால முடியாது"ங்கற பேச்சுக்கு நீங்க திருப்பிக் கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: வந்த பணம் எங்க?

"டீம் நஷ்டத்துல ஓடுது"ன்னு ஓனர் சொன்னா கணக்கப் பாக்க முடியாது, ஏன்னா பெரும்பாலான டீம் தனியார் கம்பெனி. ப்ரேவ்ஸ் மட்டும் பங்குச்சந்தைல இருக்கறதால காலாண்டுக்கு ஒரு தடவ வருமானம் செலவு எல்லாம் வெளிய வருது, ஒரு பேஸ்பால் டீமுக்கு எங்கருந்தெல்லாம் காசு வருதுன்னு தெரிஞ்சுக்க அத ஒரு தடவயாவது படிங்க, ஸ்டேடியத்த சுத்தி இருக்க கடை, ஆபீஸ் வாடகை எல்லாம் அதுல இருக்கும். மத்தபடி விக்கற வெலைய பாருங்க. ஓரியோல்ஸ 1993-ல பீட்டர் ஏஞ்சலோஸ் குரூப் 173 மில்லியனுக்கு வாங்குனாங்க, 2024-ல டேவிட் ரூபன்ஸ்டைன் குரூப்புக்கு வித்தது 1725 மில்லியனுக்கு. பத்து மடங்கு. இடைல எத்தனையோ வருஷம் அந்த டீம் கடைசி இடத்துல இருந்துச்சு, ஒரு வேர்ல்ட் சீரிஸ்கூட ஆடல, ஆனா சொத்து மதிப்பு மட்டும் ஏறிட்டே இருந்துச்சு. வருஷக் கணக்குல நஷ்டம்னு காட்டுனாலும் கடைசில வர்றது இதுதான்.

"செலவு பண்ணா மட்டும் ஜெயிச்சுடுவாங்களா, மெட்ஸ பாரு"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவாரு. 2023 மெட்ஸ் அதுவரைக்கும் யாரும் பாக்காத பேரோல் வெச்சு 75 ஜெயிச்சு 87 தோத்தாங்க, ஷெர்சர், வெர்லாண்டர்ங்கற ரெண்டு பெரிய பிட்சரையும் சம்பளத்துல பெரும்பகுதிய தாங்களே கட்டி அனுப்புனாங்க, எல்லாம் உண்மை. ஆனா அதே வருஷம் வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்ச ரேஞ்சர்ஸ் யாரு? 2021-ல 102 மேட்ச் தோத்துட்டு அந்த குளிர்காலத்துலயே கோரி சீகருக்கு 325 மில்லியன், மார்கஸ் செமியனுக்கு 175 மில்லியன் குடுத்த டீம். ரேஸ் மாதிரி கம்மி காசுல ஜெயிக்கற டீமையும் காட்டுவாங்க, அவங்க புத்திசாலிங்கதான், 2020-ல வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் வந்தாங்க, ஆனா ஆறாவது மேட்ச்ல அவ்வளவு அருமையா போட்ட ப்ளேக் ஸ்னெல்ல அந்த டிசம்பர்லயே பேட்ரஸுக்கு ட்ரேட் பண்ணிட்டாங்க. கண்டுபிடிக்க மூளை வேணும், கண்டுபிடிச்ச ஆள வெச்சுக்க காசு வேணும், ரெண்டையும் கேளுங்க.

ரோஸ்டர் முடிவு எல்லாமே முட்டாள்தனம் இல்ல

"0.190 அடிக்கறவன் டீம்ல இருக்கான், ட்ரிபிள் ஏ-ல (மைனர்ஸ்ல மேல் படி) வெளுத்து வாங்கற பையன் கீழயே இருக்கான், என்னய்யா இது"ன்னு தோணுனா முதல்ல ஆப்ஷன் பாருங்க. 40 பேர் ரோஸ்டர்ல சேந்த ப்ளேயர பொதுவா மூணு சீசன்தான் இஷ்டத்துக்கு மைனர்ஸுக்கு அனுப்பி எடுக்கலாம், அதுவும் ஒரு சீசன்ல அஞ்சு தடவைக்கு மேல முடியாது. ஆப்ஷன் தீந்த ஆள கீழ அனுப்பணும்னா வெய்வர்ஸ்ல போடணும், மத்த 29 டீம்ல யாரு வேணா தூக்கிக்கலாம். அதனால ஏப்ரல் மாசத்துல ஆப்ஷன் இல்லாத சுமாரான ஆள வெச்சுட்டு ஆப்ஷன் இருக்க நல்ல பையன கீழ அனுப்பறது ஒண்ணும் பைத்தியக்காரத்தனம் இல்ல, ரெண்டு பேரையும் இழக்காம வெச்சுக்கற வழி. ஜூன் வரைக்கும் அதே கத ஓடுனா அப்ப திட்டலாம். ரோஸ்டர்ரிசோர்ஸ்ல ஒவ்வொருத்தர் பேருக்கு நேரா மிச்சம் இருக்க ஆப்ஷன் போட்டிருப்பாங்க, திட்டறதுக்கு முன்னாடி பத்து செகண்ட் அத பாத்துடுங்க. டிஎஃப்ஏ (40 பேர் ரோஸ்டர்லருந்து எடுக்கறது) பண்ணாங்கன்னா உடனே டீம விட்டுப் போயாச்சுன்னு அர்த்தம் இல்ல, ஏழு நாளைக்குள்ள ட்ரேட், வெய்வர், ரிலீஸ் ஏதாவது பண்ணணும். யாரும் எடுக்கலன்னா திரும்ப மைனர்ஸ்லயே இருக்கவும் வாய்ப்பு உண்டு.

எனக்கு உண்மைலயே ரத்தம் கொதிக்கறது சர்வீஸ் டைம் விஷயத்துலதான். சீசன் கிட்டத்தட்ட 187 நாள், அதுல 172 நாள் மேஜர் லீக்ல இருந்தா ஒரு வருஷ சர்வீஸ், அப்படி ஆறு வருஷம் சேந்தா ஃப்ரீ ஏஜென்ட். அப்ப முதல் வருஷம் ரெண்டு மூணு வாரம் கீழ வெச்சுட்டா ஏழாவது வருஷமும் டீமுக்கு கெடைக்கும். 2015 ஸ்ப்ரிங் ட்ரெய்னிங்ல (சீசனுக்கு முந்தின பயிற்சி மேட்ச்) க்ரிஸ் ப்ரையன்ட் 9 ஹோம் ரன் அடிச்சு எல்லாரையும் விட முன்னாடி இருந்தாரு, அவரோட டீம் சிகாகோ கப்ஸ் ஃபீல்டிங் இன்னும் சரியாகணும்னு சொல்லி கீழ அனுப்பி ஏப்ரல் 17-ஆம் தேதி கூப்டாங்க, சீசன் முடிவுல அவருக்கு வந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் கம்மி. அந்த வருஷமே ரூக்கி ஆஃப் தி இயர், அடுத்த வருஷம் எம்விபி, 108 வருஷத்துக்கு அப்புறம் கப்ஸுக்கு வேர்ல்ட் சீரிஸ். அவர் குடுத்த புகார் 2020-ல தள்ளுபடி ஆயிடுச்சு. இப்ப ரூல் கொஞ்சம் மாறியிருக்கு, ரூக்கி ஆஃப் தி இயர் ஓட்டுல முதல் ரெண்டு இடத்துல வந்தா முழு வருஷ சர்வீஸ் குடுத்துடுவாங்க, பைரட்ஸ் 2024 மே மாசம்தான் பால் ஸ்கீன்ஸ கூப்டாங்க, அவர் அந்த விருதையே ஜெயிச்சு முழு வருஷத்த வாங்கிட்டாரு. அதனால உங்க டீம் டாப் ப்ராஸ்பெக்ட் (ரொம்ப எதிர்பாக்கற இளம் ப்ளேயர்) கீழ இருந்தா எந்தத் தேதில கூப்டறாங்கன்னு குறிச்சு வெச்சுக்கோங்க, இனி 172 நாள் சேராதுன்னு ஆனதுக்கு மறுநாளே "இப்ப ரெடி ஆயிட்டான்"னு சொன்னாங்கன்னா அங்க பேஸ்பால் காரணம் எதுவும் இல்ல.

மோசமான கான்ட்ராக்ட் மேல கோபம் வந்தா

அதே ப்ரையன்ட்டோட அடுத்த கதையையும் பாக்கணும். 2022 மார்ச்ல டென்வர் டீமான ராக்கீஸ் அவருக்கு 7 வருஷம் 182 மில்லியன் குடுத்தாங்க, காயத்தால முதல் நாலு சீசன்ல சேத்து ஆடுனது 170 மேட்ச். டென்வர்ல அவர் பேர சொன்னாலே கடுப்பாவாங்க. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சும்மாவா சொன்னாங்க, முதுகு போனது அவர் தப்பா? கேக்க வேண்டியது வேற. 2021 பிப்ரவரில இதே டீம் அவங்க ஸ்டார் நோலன் அரெனாடோவ கார்டினல்ஸுக்கு அனுப்பி கூடவே சுமார் 50 மில்லியன் டாலரும் குடுத்துச்சு. அப்புறம் ஒரே வருஷத்துல 30 வயசான ஆளுக்கு 182 மில்லியன். டீம கலைக்கறோமா, கட்டறோமா? இந்த ரெண்டு முடிவையும் ஒரே திட்டத்துல வெக்கவே முடியாது, இந்த மாதிரி ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கறத புடிச்சு கேக்கறதுதான் ஜிஎம்முக்கும் ஓனருக்கும் பதில் சொல்ல கஷ்டமான கேள்வி.

இதுல இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. 23-லருந்து 28 வயசு வரைக்கும் ப்ளேயர் உச்சத்துல இருக்கும்போது கம்மி சம்பளம், முதல் மூணு வருஷம் கிட்டத்தட்ட குறைஞ்சபட்சம், அப்புறம் மூணு வருஷம் ஆர்பிட்ரேஷன் (ஒத்துப்போகலன்னா சம்பளத்த நடுவர் முடிவு பண்றது), ஃப்ரீ ஏஜென்ட் ஆகும்போது வயசு 30 பக்கம், அப்பத்தான் பெரிய காசு வரும், உடம்பு அப்பத்தான் இறங்க ஆரம்பிக்கும். ஆல்பர்ட் பூஹோல்ஸுக்கு 32 ஆகப்போற நேரத்துல 2011 டிசம்பர்ல ஏஞ்சல்ஸ் குடுத்த 10 வருஷம் 240 மில்லியனும் இதே கததான், கடைசி வருஷம் மே மாசத்துல அவர டீம விட்டே அனுப்பிட்டாங்க. கார்டினல்ஸ்ல அவர் சம்பாதிச்சுக் குடுத்ததுக்கு காசு குடுத்தது ஏஞ்சல்ஸ். அதனால ஒரு கான்ட்ராக்ட்ட எடை போடும்போது முதல் மூணு நாலு வருஷத்துல என்ன கெடைக்கும்னு டீம் எதிர்பாத்துச்சு, அந்த வருஷங்கள்ல சுத்தி நல்ல டீம் வெச்சாங்களான்னு பாருங்க, கடைசி வருஷத்த மட்டும் எடுத்து வெச்சுட்டு சிரிக்காதீங்க. கையெழுத்து போட்ட அன்னைக்கு நீங்களும் சந்தோஷப்பட்டீங்களாங்கறதும் முக்கியம்.

சம்பளத்த குறைச்சாலே டீம் கைவிட்டுடுச்சுன்னும் முடிவு பண்ண வேணாம். 2023-ல 82 மேட்ச் ஜெயிச்ச பேட்ரஸ் அந்த டிசம்பர்ல ஹுவான் சோட்டோவ யாங்கீஸுக்கு குடுத்து பேரோல கொறச்சாங்க, ஆனா மைக்கேல் கிங் வந்தாரு, மார்ச்ல டிலன் சீஸ ட்ரேட்ல எடுத்தாங்க, 2024-ல 93 ஜெயிச்சாங்க. வித்ததுக்கு பதிலா மேஜர் லீக்ல உடனே ஆடற ஆள் வந்தாரா, மிச்சமான காசு வேற இடத்துல போச்சா, அது ரெண்டையும் பாத்துட்டு பேசுங்க.

கோபத்த எப்படி வெளிய காட்டறது

ப்ளேயருக்கும் அவங்க வீட்டு ஆளுங்களுக்கும் மெசேஜ் போட்டு திட்டறது கூடவே கூடாது, இதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்ல.

டீம்கிட்ட கேக்கணும்னா குறிப்பா கேளுங்க. "ஏன்டா கஞ்சத்தனம் பண்றீங்க"ன்னு எழுதுனா படிக்கறவர் அடுத்த மெயிலுக்கு போயிடுவாரு. "போன வருஷத்த விட பேரோல் இவ்வளவு கம்மி, டாக்ஸ் கோட்டுக்கு இவ்வளவு தூரம் இருக்கு, டிக்கெட் வெல ஏறியிருக்கு, வித்தியாசம் எங்க போச்சு"ன்னு எழுதுங்க. சீசன் டிக்கெட் வெச்சிருக்கவங்க புதுப்பிக்கற நேரத்துல போன் பண்ற சேல்ஸ் ஆள்கிட்ட மரியாதையா இத சொல்லுங்க, அவருக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா யாரு ஏன் விட்டாங்கன்னு காரணத்த எழுதி மேல அனுப்புவாங்க. ஃபேன் ஃபெஸ்ட்ல கேள்வி கேக்க மைக் குடுத்தா ஒரே ஒரு கேள்வி, நம்பரோட.

கூட்டமா பண்றதுக்கு நல்ல உதாரணம் ஓக்லாண்ட். மேட்ச்ச புறக்கணிச்சா "ஃபேன்ஸே இல்ல, அதான் ஊர மாத்தறோம்"னு ஓனர் சொல்லுவாருன்னு தெரிஞ்சு ஏஸ் ரசிகர்கள் தலைகீழா பண்ணாங்க, 2023 ஜூன் 13-ஆம் தேதி எல்லாரும் வாங்கன்னு கூப்டு 27,759 பேர் வந்து உக்காந்தாங்க, அந்த சீசன் சராசரி 10 ஆயிரம் சொச்சம்தான். டீம வித்துடுன்னு டி-ஷர்ட் போட்டுட்டு மேட்ச் முழுக்க கத்துனாங்க, ஏஸ் 2-1-னு ஜெயிக்கவும் செஞ்சாங்க. நவம்பர்ல மத்த ஓனர்கள் ஒருமனதா லாஸ் வேகாஸுக்கு போக ஓட்டு போட்டாங்க, அதையும் சொல்லத்தான் வேணும், 2025-லருந்து டீம் வெஸ்ட் சாக்ரமெண்டோல ஆடுது. ஆனா ஓக்லாண்ட்ல ரசிகர் இல்லங்கற பேச்ச அதுக்கப்புறம் யாராலயும் கூச்சமில்லாம சொல்ல முடியல.

இப்ப இருக்க தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதி முடியுது, அதோட சம்பள உச்சவரம்பு (கேப்) பேச்சு பெருசா வரும். உங்க டீம் மேல கோபமா இருக்கும்போது "கேப் வந்தா எல்லாம் சமமாயிடும்"னு கேக்கறதுக்கு நல்லா இருக்கும். 1994-ல ஓனர்கள் அதத்தான் கேட்டாங்க, ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஸ்ட்ரைக் ஆரம்பிச்சு வேர்ல்ட் சீரிஸே நடக்கல. 74 ஜெயிச்சு 40 தோத்து மொத்த லீக்லயே முன்னாடி நின்ன மான்ட்ரியால் எக்ஸ்போஸ், அடுத்த ஏப்ரல்ல ஸ்ட்ரைக் முடிஞ்ச கையோட கென் ஹில், ஜான் வெட்லேண்ட், மார்க்கீஸ் க்ரிஸம்னு வரிசையா வித்துட்டாங்க, லாரி வாக்கரும் போயிட்டாரு. கேப் பத்தி யாராவது பேசுனா கீழ கட்டாய அளவு எவ்வளவு, ஓனர்கள் கணக்குப் புத்தகத்த தொறந்து காட்டுவாங்களா, மூணு வருஷம் குறைஞ்சபட்ச சம்பளத்துல வெக்கறது மாறுமா, இந்த மூணையும் அதே மூச்சுல கேளுங்க. அதுக்கு பதில் வராத வரைக்கும் கேப்புக்கு கை தட்டாதீங்க.